கயிறு சுருங்குவதில்லை

எல்லாருக்கும் வணக்கம். மீன் வாங்கும்போது சிலர் தலைப்பக்கம் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். வால் தொங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் புது மீன். செத்த மீன் ஏன் விறைக்கிறது? அதற்குக் கடைசியில் வருகிறேன், முதலில் தசை எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்போம்.

வெந்த கோழி நெஞ்சுக்கறியைப் பிய்த்தால் நார் நாராக வருகிறதல்லவா, அந்த ஒவ்வொரு நாரும் ஒரு கட்டு. அதற்குள் பல தசை இழைகள். ஓர் இழை என்பது நீளமான ஒரே செல். ஆனால் உட்கரு மட்டும் பல. அந்தச் செல்லுக்குள் நெடுக ஓடும் நுண்ணிழைகளில் சார்கோமியர் என்ற கண்ணிகள் வரிசையாக இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் 400, 500 அடங்கிவிடும். கண்ணிக்குள் இரண்டு வகை இழைகள், இரு கை விரல்களைக் கோத்த மாதிரி: தடித்தது மயோசின், மெல்லியது ஆக்டின்.

தசை சுருங்கும்போது இந்த இழைகளே மடங்கிக் குட்டையாகின்றன என்று வெகுகாலம் நினைத்தார்கள். 1954 மே மாதம் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது, மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் இல்லை! நுண்ணோக்கியில் கண்ணிகள் கருப்பும் வெளிறலுமான பட்டைகளாகத் தெரியும்; மயோசின் இருக்கும் கருந்தடம் அதே நீளத்தில் இருக்கிறது, பக்கத்து வெளிர்தடம்தான் குறுகுகிறது என்று இரு குழுவும் கண்டிருந்தன. அதாவது இழை சுருங்கவில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகிறது.

கிணற்றில் தண்ணீர் சேந்துவதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி மேலே வருகிறது. கயிறு சுருங்கியா வருகிறது? ஒரு கை இழுக்க, மறு கை விட்டுவிட்டு இன்னும் கீழே பிடிக்கிறது. ஒரு தடித்த இழையில் சுமார் 300 மயோசின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலை. அந்தத் தலைகள்தான் கைகள், ஆக்டின்தான் கயிறு. ஓய்வில் கயிற்றின் மேல் ஒரு மூடி கிடக்கும். நரம்பின் கட்டளை வந்ததும் கால்சியம் வெளிப்பட்டு அதை விலக்கும்.

சரி, ஆற்றல் எங்கே தேவை? இழுக்கத்தான் என்று தோன்றும். ஆனால் பிடியை விடுவதற்கே, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு தலையில் வந்து ஒட்ட வேண்டும். அப்புறம் அது உடையும்போது தலை நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகும்.

இப்போது மீன். உயிர் போனபின் கால்சியம் கசிகிறது, தலைகள் கயிற்றைப் பிடிக்கின்றன. விடுவிக்க ஏடிபி இல்லை. பிடித்த பிடி அப்படியே நிற்கிறது. கெண்டைக்கால் பிடிப்பும் இதுதானா என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே நரம்பு ஓயாமல் ஆணையிடுகிறது, அது வேறு கதை.

நேரம் போகப்போக மீன் தளர்ந்துவிடும். கை விட்டதால் அல்ல, நொதிகள் புரதத்தை அரிப்பதால். இன்னொன்று: வலையிலிருந்து அப்போதுதான் எடுத்த மீனும் துவண்டுதான் கிடக்கும், அதில் ஏடிபி இன்னும் தீரவில்லை. ஆகவே கரையிலேயே வாங்குகிறவர்கள் வாலை விட்டுவிட்டுச் செவுளைத் திறந்து பாருங்கள்.