ஒரே வீட்டில் இரண்டு சட்டி

நேயர்களுக்கு வணக்கம். நான் கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறவன். மக்கள் ஏன் சைவ உணவுக்கு மாறுகிறார்கள் என்று பேசச் சொல்லி அழைத்தார்கள். எனக்கு முதலில் தெரிந்தது என் கதைதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்தேன். வருடா வருடம் போடுவதுதான். 48 நாள் வீட்டில் கவுச்சி கிடையாது. பழனிக்கு நடந்துபோய், சாமி கும்பிட்டுத் திரும்பி, மாலையைக் கழற்றினால் மறுநாள் கறி எடுப்பார்கள். அந்த வருடமும் எடுத்தார்கள். இலையில் சோறு விழுந்தது, குழம்பு வந்தது, என் கை போகவில்லை. அருவருப்பு இல்லை, சபதம் எதுவும் எடுக்கவில்லை. வேண்டாம் என்று இருந்தது. "ரசம் இருந்தா ஊத்து" என்றேன். அடுத்த வாரமும் அப்படியே.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னேன். முருகனுக்காக என்பேன், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பேன். எல்லாம் பாதி உண்மை. இரண்டு வருடம் கழித்து மன்னவனூர் ஏற்றத்தில் ஆடு ஏற்றிய வண்டிக்குப் பின்னால் பைக்கில் போனேன். அப்படி நூறு தடவை போயிருப்பேன். அன்றைக்குத்தான் அந்த ஆடுகளின் முகத்தைப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த வரைக்கும் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்பது அப்போது புரிந்தது. என் விஷயத்தில் பழக்கம் முன்னால் போனது, இரக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. பலருக்கு இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன். டாக்டர் சொல்லி விட்டவர்கள், கல்யாணமாகிப் போன வீட்டு வழக்கத்தால் விட்டவர்கள், கறி விலைக்குப் பயந்து குறைத்தவர்கள் எல்லாரையும் பார்த்திருக்கிறேன்.

கொல்லாமைக்காக விட்டவர்கள் நம் பக்கத்தில் புதிதல்ல. பழனிக்கு மேற்கே ஐவர்மலைக்குப் போய்ப் பாருங்கள். பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. சமண நெறியைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் மண்ணுக்கடியில் விளைவதைக்கூடத் தொடமாட்டார்கள். கிழங்கைப் பிடுங்கினால் செடியே போய்விடும், மண்ணில் இருக்கும் சிற்றுயிர்களும் சாகும் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் மலையில் விளைவதோ பூண்டு, உருளை, கேரட்! ஒருமுறை எங்கள் ஊருக்கு அப்படி ஒரு குடும்பம் வந்தது. சமைத்துப் போட என்ன இருக்கிறது என்று யோசித்து, கடைசியில் பட்டர் பீன்ஸ்தான் கைகொடுத்தது. பூண்டு இல்லாமல் என் மனைவி சமைத்த முதல் பொரியல் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது வரும் இளைஞர்கள் பூமி சூடாவதைக் காரணமாகச் சொல்கிறார்கள். அதுவும் நியாயமான காரணம்தான். மனிதரால் வெளியாகி பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் சுமார் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2013-ல் கணக்கிட்டுச் சொன்னது.

சரி, ஒரு முக்கியமான விஷயம். கறியை விட்டபோது நான் பால், தயிரையும் குறைத்துவிட்டேன். குளிருக்கு நாள் முழுக்கக் கடுங்காப்பிதான். சில வருடத்தில் பாதம் மரத்துப்போனது. குளிர் என்று விட்டுவிட்டேன். பிறகு ரத்தம் சோதித்தால் பி12 வைட்டமின் மிகவும் குறைவு. செடி கொடியில் அந்தச் சத்து நம்பும்படி கிடைக்காது. பால், தயிர், முட்டையில் உண்டு. கல்லீரல் சில வருடத்துக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைவது உடனே தெரியாது. பால்கூட வேண்டாம் என்பவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்தே ஆகவேண்டும். அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். கீரையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுக்கவிடாமல் அது தடுக்கும். கீரையில் எலுமிச்சை பிழிந்தால் நல்லது.

இன்னொன்று என்னை உறுத்துகிறது. கறியில்லாத சாப்பாட்டுக்குச் சைவம் என்று ஒரு சமயத்தின் பெயரையே வைத்திருக்கிறோம். அதனாலோ என்னவோ, சாப்பாட்டை வைத்து ஆளை எடைபோடும் வழக்கம் போகவில்லை. கீழே ஒரு ஊரில் என் மகன் வாடகைக்கு வீடு தேடினான். "சைவமா?" என்று கேட்டார்கள். அவர்கள் உண்மையில் கேட்டது அவன் சாதியை. வீடு கிடைக்கவில்லை. போனில் அவன் சொல்லும்போது, நான் விரும்பி ஏற்றுக்கொண்ட ஒன்றை வைத்து என் பிள்ளையையே வெளியே நிறுத்துகிறார்களே என்று நெஞ்சு எரிந்தது. ஒரு உயிரிடம் இரக்கம் காட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு சக மனிதனை வாசலில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியாது.

என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சட்டி அடுப்பில் இருக்கும். ஒன்றில் கறிக்குழம்பு, இன்னொன்றில் பூண்டுக் குழம்பு. கரண்டி மாறிவிடாமல் மருமகள் பார்த்துக்கொள்கிறாள். இலையை எல்லாரும் ஒரே வரிசையில்தான் போடுகிறோம்.

வணக்கம்.