நியூயார்க் இழந்த வசூல்

நேயர்களுக்கு வணக்கம். குத்து, உதை, மல்யுத்தப் பிடி ஆகிய மூன்றும் கலந்த எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைத் தொழில்முறையில் நடத்த அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 1997இல் தடை விதித்தது. ஏனைய மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்ட பிறகும் அந்த மாநிலம் மட்டும் 2016 வரை அசையவில்லை. அந்தத் தடைக்கு நியூயார்க் மக்கள் கொடுத்த விலை என்ன என்பதே இன்றைய உரையின் பொருள்.

தடை வந்தபோது அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தொடக்க காலப் போட்டிகளில் விதிகள் மிகக் குறைவு. செனட்டர் ஜான் மெக்கெய்ன் அவற்றை மனிதர்களின் சேவல் சண்டை என்றே கண்டித்தார். ஆனால் 2000ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான நியூஜெர்சி, எடைப் பிரிவுகளையும் சுற்றுகளின் நேரத்தையும் விலக்கப்பட்ட அடிகளையும் வரையறுத்து, அரசின் மேற்பார்வையில் போட்டிகளை அனுமதித்தது. விளையாட்டு மாறிவிட்டது, நியூயார்க்கின் சட்டம் மாறவில்லை.

இதன் விளைவை 2011 மார்ச் 19 அன்று நியூஜெர்சியின் நியூவார்க் நகரில் கண்கூடாகக் காண முடிந்தது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பிறந்த ஜான் ஜோன்ஸ், எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் பெரிய நிறுவனமான யு.எப்.சி.யின் பட்டத்தை 23 வயதில் வென்றார், சொந்த மாநிலத்தில் மோத அவருக்கு உரிமை இல்லாததால், ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் வென்றார். மன்ஹாட்டனிலிருந்து ரயிலேறினால் சிறிது நேரத்தில் நியூவார்க் போய்விடலாம். சீட்டு வாங்கிய நியூயார்க் ரசிகரின் பணம், அவர் உண்ட உணவின் விலை, அதன்மேல் விழுந்த வரி எல்லாம் ஆற்றைக் கடந்துவிட்டன. ஆட்டத்தைப் பார்க்கும் விருப்பத்தைத் தடை குறைக்கவில்லை, செலவு நடக்கும் இடத்தை மட்டுமே மாற்றியது.

விளையாட்டுப் போட்டிகளின் பொருளாதாரப் பயனை மிகைப்படுத்திச் சொல்வது அமைப்பாளர்களின் வழக்கம் என்பதால், ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர் நாடகத்துக்கோ திரைப்படத்துக்கோ செலவழிக்கவிருந்த பணத்தை இந்தப் போட்டிக்குச் செலவழித்தால், ஊருக்குப் புதிதாக ஒன்றும் வந்துவிடாது. வெளியூர், வெளிநாட்டு ரசிகர் கொண்டுவரும் பணமும், அண்டை மாநிலத்துக்குப் போகாமல் தங்கிவிடும் பணமுமே உண்மையான வரவு. நியூயார்க்கைப் பொறுத்தவரை இந்த இரண்டுமே பெரிய தொகைகள்.

தடையை நீக்க மாநில செனட் பல ஆண்டுகள் தொடர்ந்து ஒப்புதல் தந்தும், கீழவை விவகாரத்தைத் தள்ளிப்போட்டபடியே இருந்தது. யு.எப்.சி.யின் உரிமையாளர்கள் லாஸ் வேகாசில் நடத்திய சூதாட்ட விடுதிகளில் இருந்த தொழிற்சங்கப் பூசலும் அந்த எதிர்ப்புக்கு ஒரு காரணமாக இருந்தது. கடைசியில் 2016 ஏப்ரலில் தடையை நீக்கும் சட்டத்தில் ஆளுநர் ஆண்ட்ரூ கூமோ கையெழுத்திட்டார். அதே ஆண்டு நவம்பர் 12 அன்று நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் யு.எப்.சி. நட்சத்திர வீரர் கானர் மெக்ரெகர் மோதியபோது 20,427 பேர் கூடினர்; சீட்டு வசூல் ஏறத்தாழ 1.77 கோடி டாலர். அந்த அரங்கின் நெடிய வரலாற்றில் அதுவரை எந்த நிகழ்ச்சியும் அவ்வளவு வசூலித்ததில்லை. புதிய சட்டம் விதித்த 8.5 விழுக்காடு வரியை வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், ஒரே இரவில் சுமார் 15 லட்சம் டாலர் மாநிலத்துக்குக் கிடைத்திருக்கும்.

ஆயினும் வரியை விட முக்கியமானது மேற்பார்வை என்பதே என் உறுதியான கருத்து. தடை தொழில்முறைப் போட்டிகளுக்கு மட்டுமே இருந்ததால், அமெச்சூர் போட்டிகள் அரசின் கண்காணிப்பே இல்லாமல் நியூயார்க்கில் நடந்துவந்தன. அனுமதியும் கட்டணமும் இருந்தால்தான் மருத்துவருக்கும் ஆய்வாளருக்கும் பணம் வரும்.

அந்த மேற்பார்வை பெயரளவில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குத்துச்சண்டையிலிருந்தே ஒரு சான்று உண்டு. 2013 நவம்பரில் அதே அரங்க வளாகத்தில் மோதிய மகோமெட் அப்துசலாமோவ், மூளையில் இரத்தக் கசிவு இருந்த நிலையில், ஆம்புலன்ஸ் இல்லாமல் வாடகைக் காரில் மருத்துவமனைக்குப் போனார். அவர் நிரந்தரமாக முடங்கிப்போனார். மாநில அரசு 2017இல் 2.2 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. பணம் எந்த வகையிலும் ஈடாகாத துயரம் அது.

இத்தகைய துயரங்களை எதிர்கொள்ளவே 2016ஆம் ஆண்டின் புதிய சட்டம், உயிருக்கு ஆபத்தான மூளைக் காயத்துக்கு 10 லட்சம் டாலர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதன் நோக்கம் முழுவதும் சரியானதே. ஆனால் மேடிசன் சதுக்கத்துக்குப் பொருட்டாகத் தெரியாத அந்தக் காப்பீட்டுக் கட்டணம், ஆல்பனி, பஃபலோ போன்ற நகரங்களில் சில நூறு பேர் பார்க்கும் நிகழ்ச்சியை நடத்தும் சிறு அமைப்பாளருக்குத் தாங்க முடியாத சுமை. காப்பீட்டுத் தொகையைக் குறைக்கச் சொல்லி வாதாடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய அரங்குகளில் வசூலாகும் வரியில் ஒரு பங்கை ஒதுக்கி, சிறிய நிகழ்ச்சிகளின் காப்பீட்டுக் கட்டணத்தை அதிலிருந்து மாநிலமே ஈடுசெய்யலாம். நன்றி, வணக்கம்.