மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் என்ன நடக்கிறது?

(காட்சி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தெருவீடு. பொழுது சாய்கிறது. ஒரு கை ஜன்னல் கதவை இழுத்துச் சாத்துகிறது. கொக்கி விழும் ஓசை.)

குரல்:
"விளக்கு வைக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கொசு வராதா தம்பி?" கடலூரிலும் புதுச்சேரியிலும் எந்தப் பெரியம்மாவைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் ஜன்னலைச் சாத்திய பிறகு அதே வீட்டில் என்னென்ன பற்றவைக்கிறோம் என்று பாருங்கள்.

(காட்சி: சாமி மாடத்தில் ஊதுபத்தி. தூபக்காலில் சாம்பிராணி. கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள். அடுப்பில் மிளகாய் தாளிக்கிறார்கள்.)

குரல்:
நான்கு புகையும் ஒரே நேரத்தில், அதுவும் கதவடைத்த வீட்டில். வீட்டுக் காற்றுக் கெடுதலைப் பற்றிப் பேசினால் எல்லோரும் சாலையையும் தொழிற்சாலையையும் காட்டுகிறார்கள். அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் தீப்பெட்டியிலிருந்து தொடங்குவது சுலபம்.

நான்கிலும் மோசமானது கொசுவத்தி. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களைக் கொளுத்தி அளந்து பார்த்தது. ஒரு சுருள் முழுதாக எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகளின் எடை, 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிந்தால் வரும் அளவுக்குச் சமம் என்றது. நுண்துகள் என்றால் 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவானதும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய 30இல் ஒரு பங்கு, அல்லது அதற்கும் குறைவு. மூக்கு வடிகட்டுவதற்கு முன்பே நுரையீரலின் அடிவரை போய்விடும். சிகரெட்டைத் தொடாத வீட்டில், குழந்தையின் தலைமாட்டில் இது விடிய விடியப் புகைகிறது.

அதற்காகக் கொசுக்கடியைத் தாங்கிக்கொள்ளுங்கள் என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. யானைக்கால் நோயைப் பார்த்த மண் இது. கொசு போன்ற நோய்க்கடத்திகளை ஆராய்வதற்காக 1975இல் தொடங்கிய மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் புதுச்சேரியில்தான் இருக்கிறது.

(காட்சி: ஜன்னல் சட்டத்தில் ஒட்டும் பட்டை. அதன்மேல் வலையை அழுத்திப் பொருத்தும் விரல்கள். மூலையில் இருந்த இடைவெளி மறைகிறது.)

குரல்:
ஆகவே முதல் செலவு ஜன்னலுக்குக் கொசுவலை. கொசு வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். படுக்கைக்கும் ஒரு வலை கட்டிவிட்டால் சுருளுக்கு வேலையே இல்லை. மின்சாரத்தில் செருகும் திரவக் கொசுவிரட்டி புகை விடாது என்பது உண்மை; ஆனால் அது விடுவதும் பூச்சிமருந்தின் ஆவிதான். அடைத்த அறையில் இரவு முழுவதும் ஓட வேண்டாம்.

ஊதுபத்தி, சாம்பிராணி? நிறுத்தச் சொல்ல நான் யார். ஜன்னல் திறந்திருக்கும்போது ஏற்றுங்கள், கைக்குழந்தையும் இளைப்புக்காரரும் இருக்கும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். குளித்த பிள்ளையின் தலைக்குச் சாம்பிராணி காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அழுத்தியே சொல்வேன். துண்டால் துவட்டினால் போதும்.

(காட்சி: சமையலறை. எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் ஒட்டிய தூசி. செய்தித்தாளில் கிழித்த ஒரு துண்டை அருகே பிடிக்கிறார்கள். அது லேசாக ஆடிவிட்டுத் தொங்குகிறது.)

குரல்:
சத்தம் வருகிறது, இழுப்பு இல்லை. இறக்கையைக் கழற்றி, வெந்நீரில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துப் பொருத்திய பிறகு அதே காகிதம் ஃபேன் பக்கம் இழுபட்டு நிற்கும். அப்படியும் நிற்காவிட்டால் கோளாறு ஃபேனில் இல்லை; நீங்கள் எல்லாக் கதவையும் சாத்தியிருக்கிறீர்கள். வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டும். எதிர்ச்சுவரில் இருக்கும் ஜன்னலைத் திறங்கள். ஃபேனை ஒட்டிய ஜன்னலைத் திறந்தால், அந்த வழியாக வந்த காற்று அப்படியே ஃபேன் வழியாகப் போய்விடும். அடுப்பின் புகை அசையாது. நெத்திலி வறுக்கும் நாளில் அடுப்பை மூட்டும் முன்பே ஃபேனைப் போட்டு, இறக்கிய பிறகும் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எரிவாயு அடுப்பில் கரி படிவதில்லை என்றாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அது கண்ணுக்குத் தெரியாது.

பண்ருட்டிப் பக்கத்தில் வெந்நீருக்கு இன்னும் விறகடுப்பு வைத்திருப்பவர்கள் அதைக் கொல்லைப்புறத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். முந்திரிக்கொட்டை ஓட்டை மட்டும் அடுப்பில் போடாதீர்கள். அதிலிருக்கும் எண்ணெய் தோலில் பட்டாலே வெந்து புண்ணாகும். புகையாக உள்ளே போனால் தொண்டையைக் கேட்கவா வேண்டும்.

இன்னொன்று, நேரம். வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று திரும்பும். அப்போது முன்வாசலையும் பின்வாசலையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்க்காரர்கள் ரசாயன வாடை அடிக்கும்போது சாத்திக்கொள்ள வேண்டியதுதான். போகிப் புகைக்கும் அதே கணக்கு.

(காட்சி: பீரோவை நகர்த்துகிறார்கள். பின்சுவரில் கரும்பச்சைப் புள்ளிகள். சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது.)

குரல்:
ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பீரோவின் பின்புறத்தைப் பாருங்கள். பூஞ்சையின் மேல் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. கசிவை அடைத்து, சுவரைக் காயவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, பிறகு பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். தேய்க்கும் ஆர்வத்தில் பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். குளியலறைக்குள் அது ஆளையே சாய்த்துவிடும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ளதை, அறையின் அளவுக்குப் பொருத்தமாக வாங்குங்கள். ஓசோன் வெளியிடும் கருவி வேண்டாம். தொட்டிச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989இல் நாசா மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து பரவியது. திறந்து மூடும் வீட்டில் அது எடுபடாது. செடியை அழகுக்கு வளர்க்கலாம்.

(காட்சி: புயலுக்குப் பிறகு ஒரு தெரு. சாய்ந்த மின்கம்பம். வராந்தாவில் ஓடும் ஜெனரேட்டர்.)

குரல்:
கடைசியாக, மணமே இல்லாத ஒன்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகு இங்கே பல நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்படிப்பட்ட நாட்களில் ஜெனரேட்டரை வராந்தாவில் வைப்பார்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, வெட்டவெளியில், புகைக்குழாய் ஜன்னலைப் பார்க்காமல் இருக்க வேண்டும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108ஐ அழையுங்கள்.