ஊதுனா 10,000 ரூபா மட்டும் தானா? குடிச்சிட்டு வண்டி ஓட்டி மாட்னா இன்னா ஆகும்

வணக்கம் மக்களே, சவுண்டு ஓகேவா கேக்குதா? வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கத்துல சர்வீஸ் ரோட்ல நிக்கறேன், லாரி ஹாரன் நடுவுல வரும், கண்டுக்காதீங்க. போன வீடியோல குடியாத்தம் தம்பி ஒருத்தன் கமெண்ட் போட்டிருந்தான், "ணா, சரக்கடிச்சிட்டு மாட்னா 10,000 தானே, கட்டிட்டு வந்துடலாம்ல"ன்னு. கட்டிட்டு வந்துடலாம்னு நினைக்கறான் பாரு, அங்கதான் மேட்டரே.

ஹெல்மெட் இல்லன்னா சலான் போடுவாங்க, போன்லயே கட்டிடுவ, முடிஞ்சுது. இது அப்டி இல்லப்பா. மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு, இது ஸ்பாட்ல கட்டி முடிக்கற கேஸே கிடையாது, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆகணும், நம்ம ஊர்னா சத்துவாச்சாரி கோர்ட்டு. முதல் தடவ 10,000 ரூபா, இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்ல ரெண்டும். மறுபடி மாட்னா 15,000, இல்ல 2 வருஷம் வரைக்கும் உள்ள, இல்ல ரெண்டும். முன்னாடி வெறும் 2,000 தான் இருந்துச்சு, 2019ல சட்டத்த மாத்துனாங்க, தமிழ்நாட்ல 2022 அக்டோபர்ல இருந்து புது ரேட்டு. சட்டத்துலயே 10,000னு நேரா எழுதி இருக்கறதால "சார் கொஞ்சம் பாத்து போடுங்க"ன்னு கெஞ்சறதுக்கும் வழி கம்மி.

அதோட முடிஞ்சிதா, இல்ல. வண்டிய ஸ்டேஷன்ல போட்டுடுவாங்க, லைசென்ஸ வாங்கி ஆர்டிஓ ஆபீசுக்கு அனுப்பிடுவாங்க, குறைஞ்சது 3 மாசம் சஸ்பெண்டு. ஆட்டோ ஓட்டறவங்க, லோடு வண்டி ஓட்டறவங்க, அவங்களுக்கு இந்த 3 மாசம்தான் நெஜமான அடி, அந்த 10,000 கூட அப்புறம்தான்.

சரி, எவ்ளோ குடிச்சா மாட்டும்? 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால், அதைத் தாண்டுனா கேஸு. "ஒரே ஒரு பீர்தான் மச்சான்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். 650 மில்லி ஸ்ட்ராங் பீரு, 8 பர்சண்ட்னு வச்சிக்கோ, அதுல சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கு, 70 கிலோ ஆளுக்கு அது 80ஐ தாண்டிடும், லிமிட்ட விட ரெண்டரை மடங்குக்கும் மேல. ஒரு குவார்ட்டர்னா 120 பக்கம் போவும். ஒடம்பு ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 15 தான் கொறைக்கும், மோர் குடிச்சாலும் எலுமிச்சம்பழம் சப்புனாலும் அதே ஸ்பீடுதான். அப்போ நைட்டு பன்னெண்டு மணிக்கு குவார்ட்டர முடிச்சவன் காலைல அஞ்சு மணிக்கு சென்னைக்கு கார எடுத்தா, வாலாஜா டோல்கேட்ல ஊதச் சொன்னாலும் மாட்டுவான். தூங்கி எழுந்தா தெளிஞ்சிடுச்சுன்னு நாமளா நினைச்சிக்கறதுதான். ஆளுக்கு ஆளு கொஞ்சம் மாறும், பொம்பளைங்களுக்கு இன்னும் ஏறும்.

செக்கிங்ல நான் பாத்த காமெடி ஒண்ணு சொல்லணும். இங்கயே பேரிகார்டு போட்டு நிக்கறாங்க, தூரத்துலயே ஒருத்தரு பாத்துட்டாரு, எறங்கி வண்டிய ஆஃப் பண்ணி தள்ளிகினு வர்றாரு, பஞ்சர்ங்கற மாதிரி மூஞ்ச வச்சிகினு. டயரு கல்லு மாதிரி நிக்குது! போலீஸ்காரரு சிரிச்சிகினே ஸ்ட்ரா மாத்தி, "ஊது, நிறுத்தாத ஊது"ங்கறாரு, இவரு கன்னத்த மட்டும் உப்பி உப்பி காமிக்கறாரு, மெஷின் எடுக்கவே இல்ல. மூணாவது தடவ பீப்னு சத்தம் வந்து குட்டியா ஒரு சீட்டு பிரிண்டாகி வந்துச்சு, அவ்ளோதான், மனுஷன் அப்டியே ரோட்டோரம் உக்காந்துட்டாரு. ஊத மாட்டேன்னு சண்ட போட்டா இன்னும் மோசம், வாரண்டு இல்லாமலே அரெஸ்ட் பண்ணலாம், ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவாங்க, டெஸ்டுக்கு மறுத்ததே கேஸ்ல நமக்கு எதிரா நிக்கும். ஓட்டணும்னு கூட இல்ல, ஓட்ட முயற்சி பண்ணாலே அதே 185 தான். அப்புறம் ஓட்டறவன் தண்ணில இருக்கான்னு தெரிஞ்சும் அவன ஓட்ட விட்டு பின்னாடி ஏறி உக்காந்தா 188, தூண்டுனதுன்னு ஓட்டுனவனுக்கு இன்னா தண்டனையோ அதே உனக்கும், சென்னைல 2022லயே அப்டி போட ஆரம்பிச்சாங்க.

கஞ்சா, மாத்திரை போட்டுனு ஓட்டறவங்க "மெஷின்ல காட்டாதுல்ல"ன்னு தைரியமா இருக்காங்க. அவங்களுக்கும் இதே 185 தான், ஆனா 30 மாதிரி நம்பர் கிடையாது, வண்டிய ஒழுங்கா கண்ட்ரோல் பண்ண முடியாத நிலைல இருந்தானான்னுதான் பாப்பாங்க. அதுக்கு மேல என்டிபிஎஸ், அதாவது போதைப்பொருள் சட்டம், 27வது பிரிவுன்னு தனி கேஸ் வேற, கஞ்சா அடிச்சதுக்கே 6 மாசம் வரைக்கும் போடலாம்.

யாரையாவது இடிச்சி உயிர் போச்சுன்னா கதையே வேற. பிஎன்எஸ், அதாவது பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம், அதுல 106வது பிரிவு, 5 வருஷம் வரைக்கும். ஆள் செத்துப்போவான்னு தெரிஞ்சே ஓட்டுனான்னு 105ல போட்டா 10 வருஷம் வரைக்கும் போவும். வண்டி டேமேஜுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கைய விரிச்சிடும்.

கடைசியா, காட்பாடி பசங்க கேக்கறது, "சித்தூர் பக்கம் போய் அடிச்சா நம்ம போலீஸ் இல்லையேணா". டேய், இது சென்ட்ரல் சட்டம்டா, பார்டர் தாண்டுனாலும் அதே 30, அதே 185. ஒரே வித்தியாசம், சத்துவாச்சாரிக்கு பதிலா வாய்தாவுக்கு வாய்தா சித்தூருக்கு பஸ் ஏறணும், லைசென்ஸ் தான் இல்லையே. சரி மக்களே, டவுட்டு இருந்தா கீழ போடுங்க, நான் கெளம்பறேன்.