ஃப்ரீசரில் ஐஸ், கீழே குளிர் இல்லை: கேஸ்தான் காரணமா?

[காட்சி: திறந்த டபுள் டோர் ஃப்ரிட்ஜ். மேலே கெட்டியான ஐஸ் கட்டிகள். கீழ்த் தட்டில் ஒரு தண்ணீர் பாட்டில்.]

மேலே ஐஸ் கட்டி கல் மாதிரி இருக்கிறது. கீழே வைத்த பால் மறுநாளே திரிந்துவிடுகிறது. யாரிடம் சொன்னாலும் "கேஸ் போயிருக்கும்" என்பார்கள். உடனே ஒத்துக்கொள்ள வேண்டாம். ஃப்ரீசர் -18 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கிறது, ஐஸ்கிரீமில் கரண்டி இறங்கவில்லை என்றால், கம்ப்ரஸரும் கேஸும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன. குளிர் உண்டாகிறது, கீழே வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இன்றைக்குப் பார்ப்பது ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை, அதாவது பனியைத் தானே கரைத்துக்கொள்ளும் ஃப்ரிட்ஜ். பட்டனை அழுத்தி ஐஸைக் கரைக்கும் சிங்கிள் டோர் வேறு கதை.

[காட்சி: ஃப்ரீசரின் பின் பலகை. அதன் பின்னால் காயில், ஃபேன். காற்று கீழே இறங்கும் வழியை அம்புக்குறி காட்டுகிறது.]

இந்த வகையில் குளிரும் காயில் ஃப்ரீசரின் பின் பலகைக்கு உள்ளே ஒளிந்திருக்கும். ஒரு ஃபேன் அதன் குளிர்ந்த காற்றை இழுத்து மேலும் கீழும் அனுப்புகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே போகும் ஈரம் காயிலில் பனியாகப் படியும். அதைக் கரைக்க அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. டைமர் வைத்த பழைய மாடல்களில் ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது சூடாகும். ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் பனி வளர்ந்து வளர்ந்து காற்றின் வழியை அடைத்துவிடும். காயிலுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஃப்ரீசர் சமாளித்துக்கொள்ளும், கீழ்த்தட்டு தவித்துப்போகும்.

சரி, இதுதானா என்று எப்படி உறுதி செய்வது? ஒரு பைசா செலவில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள். பொருள்களை வெளியே எடுத்து, இரண்டு கதவையும் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். தரையில் பழைய துணி விரியுங்கள், தண்ணீர் வரும். மறுபடி ஓடவிட்டதும் சில நாள் நன்றாகக் குளிர்ந்து, அப்புறம் பழையபடி ஆனால், கோளாறு டிஃப்ராஸ்டில்தான், அதாவது பனியைக் கரைக்கும் ஏற்பாட்டில்தான். மறுபடி ஓடவிட்ட நாளிலிருந்தே கீழே குளிரவில்லையா? ஃபேனையும் காற்று வழியையும் பாருங்கள். கதவு திறந்ததும் நிற்கும் ஃபேனாக இருந்தால், கதவு சுவிட்சை விரலால் அழுத்திக்கொண்டு சத்தம் கேளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள்: பனியைக் கத்தியால் குத்தாதீர்கள். காயில் மெல்லிய அலுமினியம். ஒரு துளை விழுந்தால் இல்லாத கேஸ் பிரச்சினையை நாமே வரவழைத்த மாதிரி.

[காட்சி: பலகையைக் கழற்றும் கை, கையுறையுடன். மல்டிமீட்டர்.]

பிளக் வெளியே இருக்கட்டும். பலகையைக் கழற்றி, ஹீட்டரின் கனெக்டரைப் பிரித்து மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஏதாவது ஒரு அளவு காட்டினால் கம்பி அறுபடவில்லை. ஓபன் (இணைப்பு இல்லை) என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது. சூடு அளவு மீறினால் எரிந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸ் எப்போதும் கன்டின்யூட்டி (இணைப்பு) காட்ட வேண்டும். அது எரிந்திருந்தால் அதே அளவுள்ளதை மாற்றுங்கள். ஃபியூஸை விட்டுவிட்டு ஒயரை நேராக முறுக்கிவிடுவது தீக்கு அழைப்பு.

குளிரைப் பொறுத்து ஹீட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான பைமெட்டலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறை வெப்பத்தில் அது ஓபனாகத்தான் இருக்கும், நன்றாகக் குளிர்ந்த பிறகுதான் மூடும். உப்பு கலந்த ஐஸில், கவரில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுச் சோதியுங்கள். மேஜை மேல் வைத்து ஓபன் பார்த்துவிட்டு, நல்ல பைமெட்டலைக் குப்பையில் போடாதீர்கள். புது மாடல்களில் இந்த இடத்தில் சென்சார் இருக்கும், ஹீட்டருக்குக் கட்டளை எலக்ட்ரானிக் போர்டிலிருந்து வரும். கோளாறு போர்டு வரை போனால் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், காயிலுக்குக் கீழே உள்ள வடிகால் துளை அடைத்திருக்கும். வெந்நீர் ஊற்றினால் பெரும்பாலும் திறந்துவிடும்.

[காட்சி: காயில் இரண்டு. ஒன்று முழுக்கப் பனி. மற்றதில் ஒரு மூலையில் மட்டும்.]

பனி கரைவதற்கு முன் பலகையைத் திறந்தால், அது படிந்த விதத்தையும் பாருங்கள். காயில் முழுக்கத் தடித்த பனி என்றால் டிஃப்ராஸ்ட். ஒரு மூலையில் மட்டும் பனி, மற்ற இடம் வெறுமை என்றால் இப்போது கேஸைச் சந்தேகிக்கலாம். அங்கே நம் வேலை முடிந்தது. இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்600ஏ என்ற கேஸ் எளிதில் தீப்பற்றும். வீட்டில் தொடக் கூடாது. மெக்கானிக் வந்தால் முதலில் லீக் எங்கே என்று கேளுங்கள். அதைத் தேடாமல் "கேஸ் அடிச்சுடலாம்" என்று ஆரம்பிப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.