பன்னிரண்டு சாண் நீளம், ஏழு சாண் அகலம்

நேயர்களுக்கு வணக்கம். காட்டை ஒட்டிய இடத்தில் தியானத்துக்கென்று ஒரு சின்னக் குடில் கட்டுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். கட்டடக்கலைதான் என் தொழில் என்றாலும், பேச்சைப் பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பௌத்தத் துறவிகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் அந்தக் கதை வருகிறது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் ஆளாளுக்குக் குடில் கட்டத் தொடங்கினார்கள். அளவு என்று ஒன்று இல்லாததால் வேலை முடிகிற வழியைக் காணோம். ஆள் கொடுங்கள், மாடு கொடுங்கள், வண்டி கொடுங்கள், கோடாலி கொடுங்கள் என்று ஊராரைப் போட்டு நச்சரித்தார்கள். கடைசியில் பிக்குவைக் கண்டாலே ஜனங்கள் வேறு பக்கம் திரும்பி ஓடினார்கள், கதவைச் சாத்தினார்கள். பசுமாட்டைப் பார்த்துக்கூடப் பிக்கு என்று நினைத்து ஓடினார்களாம்!

அதற்கப்புறம்தான் புத்தர் அளவு வகுத்தார். நீளம் பன்னிரண்டு சாண், அகலம் ஏழு சாண். அந்தச் சாண் எவ்வளவு என்பதில் உரைகாரர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இன்று பலரும் ஏற்கும் கணக்கில் சுமார் 3 மீட்டருக்கு 1.75 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10 அடிக்கு 6 அடி. என்னிடம் வருகிறவர்கள் கேட்பது 400 சதுர அடி. கூடவே ஒரு சமையல் மேடை, ஒரு அலமாரி, நண்பர் வந்தால் படுக்க ஒரு கட்டில். சரி, அது நல்ல விருந்தினர் விடுதிதான். தியானக் குடில் இல்லை.

அளவைவிட எனக்கு வியப்பாக இருப்பது அதே விதியில் வரும் இட நிபந்தனைகள். எறும்பு, கறையான், பாம்பு, தேள் குடியிருக்கும் இடத்தில் கட்டக்கூடாது. யானை, புலி, கரடி தங்கும் இடமும் கூடாது. குடிலைச் சுற்றி மாட்டு வண்டி ஒன்று போய்வர இடம் விட வேண்டும். மற்ற பிக்குகள் வந்து இடத்தைப் பார்த்துச் சம்மதித்தால்தான் கட்டலாம். இன்றைக்கும் மலைப் பகுதியில் கட்ட அனுமதி வாங்குவது அலைச்சல்தான். ஆனால் அந்தச் சோதனை எதற்காக என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

பழனி மலையின் கீழ்ச் சரிவில், காபியும் மிளகும் விளையும் ஒரு பட்டா நிலம் உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குடிலை வரைவதற்கு முன்னால் ஒரு நடைபாதை போடுங்கள். நேராக, மட்டமாக, இருபத்தைந்து, முப்பது தப்படி நீளம் போதும். உட்கார்வதும் நடப்பதும் மாறி மாறி வருவதுதான் வனத் துறவிகளின் வழக்கம். தாய்லாந்திலும் இலங்கையிலும் வன மடங்களுக்குப் போனால் குடிலுக்குப் பக்கத்திலேயே பெருக்கிச் சுத்தமாக வைத்த நடைபாதையைப் பார்க்கலாம். புத்தகயையில்கூட, புத்தர் ஞானம் பெற்றபின் உலாவினார் என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள்.

அந்தப் பாதையில் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது, எங்கே அட்டை ஏறுகிறது, காட்டெருமை எந்தத் தடத்தில் வருகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சில்வர் ஓக் மரத்தின் கிளை பலத்த காற்றுக்கு முறிந்து விழும். அதன் அடியில் குடில் வேண்டாம். மழை விட்ட பிறகும் மரம் நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தண்ணீரைச் சமாளிப்பதில் நம் ஊரிலேயே பெரிய வாத்தியார்கள் இருந்திருக்கிறார்கள். மதுரையைச் சுற்றி மாங்குளம், கீழவளவு, அரிட்டாபட்டி மலைகளிலும், புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலிலும் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளங்கள் உள்ளன. 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. கல்லிலே படுக்கை, சில இடங்களில் தலையணையும் கல்லிலேயே. எல்லோரும் படுக்கையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அண்ணாந்து பாருங்கள். பாறை நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். பாறையில் வழிந்து வரும் மழைநீர் உள்ளே ஓடாமல் அந்த விளிம்பிலேயே சொட்டி வெளியே விழும். ஒரே ஒரு வெட்டில் குகை வீடாகிவிட்டது.

நம் குடிலில் அந்த வேலையைத் தாழ்வாரம் செய்ய வேண்டும். சுவரைத் தாண்டி மூன்றடியாவது கூரை நீளட்டும். மழைநீர்க் குழாய் வேண்டாம், இலை அடைத்துக்கொள்ளும். சொட்டும் இடத்தில் தரையில் ஜல்லி நிரப்பிய கால்வாய் போதும். தகரம் மலிவு, ஆனால் மழை பெய்தால் உள்ளே பேசுவதுகூடக் காதில் விழாது. மங்களூர் ஓடு நல்லது. குரங்குகள் புரட்டும் என்பதால் கம்பியால் கட்டிவிடுங்கள். சரிவை வெட்டிச் சமன் செய்யாமல், கல்தூண் நட்டு அதன்மேல் தரையை நிறுத்தலாம். வேர் தப்பும், மழைநீர் அடியில் போய்விடும், கறையான் மண்வழி போட்டு ஏறினால் தூணிலேயே கண்ணில் படும்.

இப்போது ஜன்னல். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு முழுக் கண்ணாடிச் சுவர் கேட்கிறார்கள். பறவைகள் அதில் வந்து மோதும். பகல் முழுக்க முகத்தில் வெளிச்சம் அடித்தால் கண்ணை மூடினாலும் இமைக்குள் கூசும். தரையில் உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். நம் மேஸ்திரிகள் பழக்கத்தில் ஜன்னலை மூன்றடியில் தொடங்குவார்கள். உட்கார்ந்தால் வானம் மட்டும்தான் தெரியும். ஒன்றேகால் அடியில் தொடங்கச் சொல்லுங்கள். அதுவும் பக்கச் சுவரில். எதிரே காரைச் சுவர் வெறுமையாக இருக்கட்டும். சுவரின் உச்சியில், கூரைக்குக் கீழே, கொசுவலை போட்ட காற்றுவழி விடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பாய் பூஞ்சை பிடித்துவிடும்.

சமையல் வேண்டாம் என்பதற்கு யானைதான் காரணம். அரிசி, உப்பு, பலாப்பழ வாசனை எதுவும் குடிலில் இருக்கக்கூடாது. சாப்பாடு கீழே வீட்டில்.

கடைசியில் எல்லோரும் தயங்கிக் கேட்பது கழிப்பறை. தயக்கமே வேண்டாம். இலங்கையில் அநுராதபுரத்துக்கு மேற்கே வனத் துறவிகளின் மடங்கள் இடிபாடாகக் கிடக்கின்றன. சிற்பமோ அலங்காரமோ இல்லாத மொட்டைக் கட்டடங்கள். ஆனால் அங்கே சிறுநீர் கழிக்கும் கல்லில் மட்டும் பிரமாதமான சிற்ப வேலை! ஆடம்பரமான மடங்களைக் கேலி செய்யவே அப்படிச் செதுக்கினார்கள் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். உங்களுக்குச் சிற்பம் வேண்டியதில்லை. குடிலைவிடத் தாழ்வான சரிவில், ஊற்றுக்கும் ஓடைக்கும் நன்றாக விலகி, இரட்டைக் குழிக் கழிப்பறை ஒன்று கட்டுங்கள். அங்கே போகும் வழியில் கல் பாவி, முழங்கால் உயரத்தில் மங்கலான மஞ்சள் விளக்கு வையுங்கள். வெள்ளை விளக்கென்றால் பூச்சி மொய்க்கும், பூச்சியைத் தேடித் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும்.

நன்றி, வணக்கம்.