தெருவுக்கு ஒரு பலகை

தலைவர் அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, ஓய்வு பெற்ற செயற்பொறியாளர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்குப் பணம் வாங்க மறுத்த பந்தல்காரத் தம்பி அவர்களே, நலச்சங்கத்துப் பெரியோர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சி டெண்டரைப் பற்றி சட்டம், அளவு, பட்டுவாடா என்று மூன்றாகப் பிரித்துப் பேசலாம் என்றிருக்கிறேன். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார் என் பாட்டி. பேச்சு முழுக்க அதுதான் வரும்.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-ல் வந்தது. விதிகள் 2000-ல் வந்தன. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு டெண்டர் போடக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். இரண்டு உறை முறையில், தகுதி உறையில் தேறாதவரின் விலை உறையைப் பிரிக்கவே மாட்டார்கள். வேலை யாருக்கு என்று முடிவாகும்வரை வெளிச்சம்தான். அப்புறம்?

பல வருஷத்துக்கு முன்னால் நான் வேறொரு ஊரில் குடியிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம், வம்பு. ராத்திரி பதினொரு மணிக்குத் தெருவில் தார் போட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் லுங்கியோடு வந்தார், கழுத்தில் இஞ்ச் டேப். துடைப்பக் குச்சியைச் சூடான தாரில் செருகி எடுத்து, டேப்பில் வைத்துப் பார்த்தார். "மேஸ்திரி, ஒரு இஞ்சுகூட இல்லையே! எவ்வளவு இருக்கணும்?" மேஸ்திரி சிரித்தார். "எனக்கு எப்படிங்க தெரியும்? அதெல்லாம் எம்-புக்ல இருக்கும்." தையல்காரர் விடவில்லை: "அளவு தெரியாம நான் சட்டை தைச்சா நீ காசு குடுப்பியா?" சன்னலில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். மறுநாள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேர் கையிலும் குச்சி!

ஆனால் பாருங்கள், அவர் அளந்தும் பிரயோசனம் இல்லை. எதோடு ஒப்பிடுவது? எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் பொறியாளர் எழுதுவதை வைத்துத்தான் பில் பாஸாகிறது. அது அலுவலக அலமாரியில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-ல் வந்துவிட்டது, 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம். பதிலுக்கு 30 நாள். தார் அதுவரை காத்திருக்குமா?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. அதனால்தான் கேட்கிறோம்: வேலை தொடங்கும் முன்பே தெருமுனையில் தமிழில் ஒரு பலகை. எத்தனை மீட்டர், எவ்வளவு கனம், என்ன தொகை, ஒப்பந்ததாரர் யார், பழுதானால் எத்தனை வருஷம் அவர் பொறுப்பு. ஐந்தே வரி.

பட்டுவாடா பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மனு வாசல் மேசைமேல் இருக்கிறது. பேனா என்னுடையது, கையெழுத்துப் போட்டதும் வைத்துவிட்டுப் போங்கள்.